தரவரிசையில் 38, செலவில் 0.64: ஒரு நாட்டின் அறிவியல் வளர்ச்சியை அளப்பது எப்படி?

2025 செப்டம்பரில் வெளியான உலகப் புத்தாக்கக் குறியீட்டில் இந்தியாவுக்கு 38-வது இடம். பட்டியலில் மொத்தம் 139 நாடுகளும் பொருளாதாரங்களும். 2015-ல் இதே பட்டியலில் இந்தியா 81-வது இடத்தில் இருந்தது. பத்து ஆண்டுகளில் 43 படி ஏறியிருக்கிறோம். அமைச்சர்களின் உரை, கல்லூரி விழா மேடை, வாட்ஸ்அப் ஃபார்வர்டு என எல்லா இடத்திலும் இந்த எண்ணைப் பார்த்திருப்பீர்கள்.

இன்னொரு எண்ணும் இருக்கிறது. அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. 0.64. நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில், அதாவது ஜிடிபியில், ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் இந்தியா செலவிடும் சதவீதம் அது. 2020-21ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் கணக்கு. அதற்குப் பத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இது 0.8 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அதாவது தரவரிசை ஏறிய அதே காலத்தில் செலவின் பங்கு இறங்கியிருக்கிறது.

ரெண்டுல எது உண்மை? இரண்டும் உண்மைதான். அளக்கும் பொருள்தான் வேறு வேறு. அதைப் புரிந்துகொள்ள முதலில் அளவுகோலைப் பார்க்க வேண்டும்.

எது ஆராய்ச்சி? முடிவு செய்த ஊர்

கிலோ, மீட்டர் போல அறிவியலுக்கு இயற்கையான அலகு எதுவும் கிடையாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பணக்கார நாடுகள் ஆய்வுக்கூடங்களில் பணத்தைக் கொட்டத் தொடங்கின. ஆனால் ஒரு நாட்டின் கணக்கை இன்னொரு நாட்டின் கணக்கோடு ஒப்பிட முடியவில்லை. ஒருவர் கல்லூரி ஆசிரியரின் சம்பளம் முழுவதையும் ஆராய்ச்சி என்று எழுதினார். இன்னொருவர் பாதியை எழுதினார். மூன்றாமவர் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைக் கூடத்தையும் சேர்த்துக்கொண்டார்.

1963 ஜூன் மாதம், ரோம் நகருக்கு அருகிலுள்ள ஃப்ராஸ்காட்டி என்ற சிற்றூரில், பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பின் (ஓஇசிடி) நிபுணர்கள் கூடினார்கள். பிரிட்டனைச் சேர்ந்த பொருளாதார அறிஞர் கிறிஸ்டோபர் ஃப்ரீமன் எழுதிக்கொடுத்த வரைவை வைத்து விவாதித்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 'ஃப்ராஸ்காட்டி கையேடு'. இப்போது புழக்கத்தில் இருப்பது அதன் ஏழாம் பதிப்பு, 2015-ல் வந்தது. இந்தியா உட்பட உலகின் பெரும்பாலான நாடுகள் ஆராய்ச்சிச் செலவைக் கணக்கிடுவது இதை வைத்துத்தான்.

கையேடு ஐந்து சோதனைகளை வைக்கிறது. செய்யும் வேலை புதிய அறிவைத் தேட வேண்டும். அதில் சொந்த யோசனை இருக்க வேண்டும். முடிவு முன்கூட்டியே தெரிந்திருக்கக் கூடாது. திட்டமிட்டுச் செய்ய வேண்டும். கிடைத்த அறிவை வேறொருவர் எடுத்துப் பயன்படுத்த முடிய வேண்டும். ஐந்தும் பொருந்தினால் ஆராய்ச்சி. தினமும் வெப்பநிலையைக் குறித்துவைப்பது ஆராய்ச்சி ஆகாது. வெப்பநிலையை அளக்கப் புதிய முறையைத் தேடினால் அது ஆராய்ச்சி. மருத்துவர் வழக்கமான சிகிச்சை தருவது கணக்கில் வராது. அதே மருத்துவர் புதிய மருந்து வேலை செய்கிறதா என்று முறைப்படி சோதித்துப் பார்த்தால் வரும்.

இந்தச் சோதனைகளில் முக்கியமானது மூன்றாவது. தோற்கும் வாய்ப்பு இல்லாத வேலையை ஆராய்ச்சி என்று சொல்ல முடியாது. பணம் போட்டால் பலன் கிடைக்குமா என்று தெரியாமல் போடும் பணம்தான் இந்தக் கணக்கில் வருகிறது. தனியார் நிறுவனங்கள் ஏன் தயங்குகின்றன என்பதற்கான பதிலில் பாதி இங்கேயே இருக்கிறது.

லட்ச ரூபாயில் 640

இந்தியாவில் இந்தக் கணக்கை எடுப்பது மத்திய அறிவியல், தொழில்நுட்பத் துறை. 2010-11ல் நாட்டின் மொத்த ஆராய்ச்சிச் செலவு சுமார் 60,197 கோடி ரூபாய். 2020-21ல் சுமார் 1,27,381 கோடி ரூபாய். பத்தாண்டுகளில் இரண்டு மடங்குக்கும் மேல். 'அப்புறம் என்ன, நல்லாத்தானே வளர்ந்திருக்கு?' என்று கேட்கலாம். ஆனால் அதே பத்தாண்டுகளில் நாட்டின் வருமானம் அதைவிட வேகமாக வளர்ந்தது, விலைவாசியும் ஏறியது. சம்பளம் கூடியும் படிப்புக்கு ஒதுக்கும் பங்கைக் கூட்டாத குடும்பத்தின் கதைதான் இது.

அந்தக் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். லட்ச ரூபாய் வருமானம் உள்ள வீடு. இந்திய வீடு ஆராய்ச்சிக்கு 640 ரூபாய் எடுத்துவைக்கிறது. அதே 2020-ல் சீன வீடு 2,400 ரூபாய் வைத்தது. அமெரிக்க வீடு 3,400-க்கும் மேல். தென் கொரிய வீடு 4,800. இஸ்ரேல் வீடு 5,500-ஐத் தாண்டியது.

சீனாவோடு ஒப்பிடும்போது மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1996-ல் சீனாவின் எண் 0.6 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. இந்தியா அதைவிடச் சற்று மேலேயே இருந்தது. அதாவது முப்பது ஆண்டுகளுக்கு முன் இருவரும் ஏறக்குறைய ஒரே வரிசையில் நின்றார்கள். பிறகு ஒருவர் ஓடினார்.

இங்கே ஒரு வாதம் அடிக்கடி வரும். 'நம்ம ஆளுங்க குறைந்த செலவில் முடிச்சிடுவாங்க. சந்திரயான்-3 சுமார் 600 கோடி ரூபாயில் நிலவுக்குப் போகலையா? செலவை வைத்து ஏன் அளக்கணும்?' கேட்க நன்றாக இருக்கிறது, ஓரளவு நியாயமும் உண்டு. செலவு என்பது விதைநெல்லின் அளவு. விளைச்சல் அல்ல. சிக்கனமாகச் செய்து முடிப்பவரை, செலவை மட்டும் பார்க்கும் அளவுகோல் குறைத்துத்தான் காட்டும்.

ஆனால் ஜிடிபி சதவீதத்தைக் குறை சொல்ல இந்த வாதம் அவ்வளவாக உதவாது. இந்திய விஞ்ஞானியின் சம்பளம் குறைவு என்றால் இந்திய ஆசிரியரின் சம்பளமும், ஓட்டுநரின் சம்பளமும், கடைக்காரரின் வருமானமும்கூட அமெரிக்காவைவிடக் குறைவுதான். பின்னத்தில் மேலே இருப்பதும் ரூபாய், கீழே இருப்பதும் ரூபாய். மலிவு என்பது இரு பக்கமும் இருக்கிறது. எனவே 0.64 என்ற பங்கு குறைவாக இருப்பதற்குச் சிக்கனத்தை முழுக் காரணமாகச் சொல்ல முடியாது. நாம் ஒதுக்குவதே குறைவு.

ஆட்களின் எண்ணிக்கையும் அதையே சொல்கிறது. பத்து லட்சம் மக்களுக்கு இந்தியாவில் 262 ஆராய்ச்சியாளர்கள். மெக்சிகோவில் 349, தென்னாப்பிரிக்காவில் 484, பிரேசிலில் 888. இவை எதுவும் பணக்கார நாடுகள் அல்ல. தென் கொரியாவில் எட்டாயிரத்துக்கும் மேல்.

இந்தப் பணத்தைச் செலவிடுவது யார் என்பது அடுத்த கேள்வி. 2020-21 கணக்கில் மத்திய அரசின் பங்கு 43.7 சதவீதம். தனியார் தொழில் துறை 36.4. கல்லூரி, பல்கலைக்கழகங்கள் 8.8. மாநில அரசுகள் 6.7. பொதுத் துறை நிறுவனங்கள் 4.4. சீனாவிலும் கொரியாவிலும் அமெரிக்காவிலும் இது தலைகீழ். அங்கே 70 சதவீதத்துக்கும் மேல் செய்வது நிறுவனங்கள். இந்தியாவில் மத்திய அரசு தரும் பணத்திலும் பெரும் பகுதி பாதுகாப்பு, விண்வெளி, அணுசக்தி, வேளாண் ஆராய்ச்சி ஆகிய நான்கு துறைகளுக்குப் போய்விடுகிறது. அவை தேவையில்லை என்பதல்ல. ஆனால் ஊரில் உள்ள ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கு எவ்வளவு மிஞ்சும் என்று யோசித்தால் அந்த 8.8 சதவீதத்தின் எடை புரியும். முதுநிலைப் படிப்பு முடித்து ஜேஆர்எஃப் வாங்கும் மாணவருக்கு மாதம் 37,000 ரூபாய். 2023 ஜனவரி முதல் உயர்த்தப்பட்ட தொகை அது. அது மாதாமாதம் வருவதில்லை என்று ஆய்வு மாணவர்கள் அவ்வப்போது போராடுவதும் செய்தியாகிறது.

அப்படின்னா 38-வது இடம் எப்படி?

உலகப் புத்தாக்கக் குறியீட்டை வெளியிடுவது ஐக்கிய நாடுகளின் அறிவுசார் சொத்து அமைப்பு, வைப்போ. 2007-ல் ஒரு வணிகக் கல்வி நிறுவனத்தின் முயற்சியாகத் தொடங்கி, பிறகு வைப்போவின் பட்டியலாக வளர்ந்தது. சுமார் 80 குறியீடுகள். ஏழு தூண்களாகப் பிரித்திருக்கிறார்கள். நிர்வாக அமைப்புகள், கல்வியும் ஆராய்ச்சியும், உள்கட்டமைப்பு, சந்தை, தொழில் சூழல் என்ற ஐந்தும் உள்ளீடு. அறிவு மற்றும் தொழில்நுட்ப விளைவு, படைப்பு விளைவு என்ற இரண்டும் வெளியீடு. உள்ளீட்டு மதிப்பெண்ணையும் வெளியீட்டு மதிப்பெண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்தால் இறுதி மதிப்பெண். 2011 முதல் தொடர்ந்து முதலிடம் சுவிட்சர்லாந்துக்கு.

இதில் ஆராய்ச்சிச் செலவின் ஜிடிபி பங்கு என்பது 80-ல் ஒன்றுதான். அதில் குறைந்தாலும் வேறு இடங்களில் ஈடுகட்டலாம். இந்தியா அப்படித்தான் ஈடுகட்டுகிறது. தகவல் தொழில்நுட்பச் சேவை ஏற்றுமதியில் இந்தியா உலகின் முன்வரிசையில். ஸ்டார்ட்அப் முதலீடு, யூனிகார்ன் நிறுவனங்களின் மதிப்பு ஆகியவையும் கைகொடுக்கின்றன. வெளியீட்டுப் பக்கத்தில் இந்தியா சிறப்பாகவும், நிர்வாக அமைப்பு, உள்கட்டமைப்பு, தொழில் சூழல் ஆகிய உள்ளீடுகளில் பின்தங்கியும் நிற்கிறது. கொடுத்ததைவிட அதிகம் விளைவிக்கும் நாடு என்று வைப்போ பாராட்டுவது இதனால்தான்.

பாராட்டு பொய்யல்ல. ஆனால் சோழிங்கநல்லூரில் ஒரு வெளிநாட்டு வங்கியின் மென்பொருளைப் பராமரிக்கும் வேலையும் அந்த ஏற்றுமதிக் கணக்கில்தான் இருக்கிறது என்பதை மனதில் வைக்க வேண்டும். அது சம்பாத்தியம், திறமை, நல்ல வேலை. ஃப்ராஸ்காட்டி கையேட்டின் ஐந்து சோதனைகளில் அதன் பெரும்பகுதி தேறாது.

இன்னொரு சுவாரசியமும் உண்டு. கல்வித் தூணில் பல்கலைக்கழகத் தரத்துக்கு இந்தக் குறியீடு பார்ப்பது, க்யூஎஸ் தரவரிசையில் ஒரு நாட்டின் முதல் மூன்று பல்கலைக்கழகங்களின் சராசரி மதிப்பெண்ணை. மூன்றே மூன்று. சிறிய நாட்டுக்கு இது சரியான அளவாக இருக்கலாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் உள்ள இந்தியாவுக்கு? மூன்று பெரிய நிறுவனங்கள் நன்றாக இருந்தால் போதும், மற்றவற்றில் பேராசிரியர் பணியிடம் காலியாகவே கிடந்தாலும் மதிப்பெண் குறையாது. ஆராய்ச்சியில் பெரும் முதலீடு செய்யும் தனியார் நிறுவனங்களைப் பார்க்கும்போதும் இதே முறைதான், முன்னணியில் உள்ள ஒரு சில நிறுவனங்களின் சராசரி. உச்சியை அளந்து மலையின் அகலத்தைச் சொல்ல முடியாது.

38-க்கும் 39-க்கும் இடையே உள்ள வித்தியாசமும் அவ்வளவு பெரிதல்ல. பட்டியலை வெளியிடுபவர்களே ஒவ்வொரு நாட்டின் இடத்துக்கும் ஒரு பிழை வரம்பு தருகிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு குறியீடுகள் மாறுவதால் ஒப்பிடும்போது கவனம் தேவை என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கங்களை யாரும் மேடையில் வாசிப்பதில்லை.

அளவுகோல் மாறினால் ஊரும் மாறும்

அளவுகோல் மாறுவது என்றால் என்ன என்று அறிய பெங்களூரையும் சென்னையையும் பார்த்தால் போதும்.

இதே வைப்போ உலகின் முதல் 100 புத்தாக்க நகரத் தொகுப்புகளையும் பட்டியலிடுகிறது. 2024 வரை இரண்டு விஷயங்களை மட்டும் வைத்து அளந்தார்கள். சர்வதேசக் காப்புரிமை விண்ணப்பங்களில் கண்டுபிடிப்பாளர்களின் முகவரி ஒன்று. ஆய்வுக் கட்டுரை எழுதியவர்களின் முகவரி இன்னொன்று. 2024 பட்டியலில் பெங்களூருக்கு 56-வது இடம், டெல்லிக்கு 63, சென்னைக்கு 82, மும்பைக்கு 84.

2025-ல் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். புதிய நிறுவனங்களில் துணிகர முதலீட்டாளர்கள் பணம் போட்ட ஒப்பந்தங்களின் எண்ணிக்கை. முடிவு என்ன தெரியுமா? பெங்களூர் ஒரே ஆண்டில் 56-லிருந்து 21-க்குத் தாவியது. டெல்லி 26-க்கும், மும்பை 46-க்கும் வந்தன. சென்னை 84-க்குப் போனது. உலக அளவிலும் டோக்கியோ-யோகோஹாமாவைத் தள்ளிவிட்டு ஷென்ஜென்-ஹாங்காங்-குவாங்ஜோ தொகுப்பு முதலிடத்துக்கு வந்தது.

இந்த ஒரு வருடத்தில் பெங்களூரில் விஞ்ஞானிகள் இரட்டிப்பாகிவிடவில்லை. சென்னையில் ஆய்வுக்கூடங்கள் மூடப்படவும் இல்லை. பெங்களூர், டெல்லி, மும்பை ஆகிய மூன்றும் ஸ்டார்ட்அப் முதலீடு குவியும் ஊர்கள். சென்னையின் பலம் வாகன உற்பத்தி, பொறியியல், மருத்துவம். கோலை மாற்றினார்கள், இடம் மாறியது. துணிகர முதலீட்டைச் சேர்த்தது தவறு என்று சொல்ல முடியாது. கண்டுபிடிப்பு சந்தைக்கு வருகிறதா என்பதற்கு அது ஓர் அடையாளம்தான். ஆனால் 'பெங்களூர் பாய்ச்சல், சென்னை சறுக்கல்' என்று தலைப்பு போடும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாநிலங்களுக்கான பட்டியலிலும் இதே கதை. நிதி ஆயோக் வெளியிடும் இந்தியப் புத்தாக்கக் குறியீட்டில் பெரிய மாநிலங்களில் தமிழ்நாடு 2019-ல் இரண்டாவது, அடுத்த பதிப்பில் மூன்றாவது, 2022 ஜூலையில் வந்த மூன்றாவது பதிப்பில் ஐந்தாவது. மூன்று முறையும் முதலிடம் கர்நாடகாவுக்கு. மூன்றாவது பதிப்பில் குறியீடுகளின் எண்ணிக்கை 36-லிருந்து 66 ஆக உயர்த்தப்பட்டது. சறுக்கலில் எவ்வளவு தமிழ்நாட்டின் குறை, எவ்வளவு புதிய கேள்வித்தாளின் விளைவு என்பதை இடத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

காப்புரிமை: ஒரே ஆண்டில் மூன்று மடங்கு!

2022-23ல் இந்தியக் காப்புரிமை அலுவலகம் வழங்கிய காப்புரிமைகள் 34,134. 2023-24ல் 1,03,057. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. இந்தியர்கள் ஒரே ஆண்டில் மூன்று மடங்கு அதிகமாகக் கண்டுபிடித்தார்களா?

இல்லை. விண்ணப்பங்களைப் பாருங்கள். 82,811-லிருந்து 92,172. சுமார் 11 சதவீதம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். காப்புரிமை விண்ணப்பித்தவுடன் கிடைக்காது. ஆய்வாளர் படித்து, ஆட்சேபம் எழுப்பி, பதில் வாங்கி முடிக்க ஆண்டுகள் ஆகும். இந்தியாவில் அந்தக் கோப்புகள் மலைபோல் தேங்கிக் கிடந்தன. அவற்றை வேகமாக முடித்ததன் விளைவுதான் அந்த ஒரு லட்சம். அரசு அலுவலகம் ஒன்று வேகமானது நிச்சயம் நல்ல செய்தி. ஆனால் அது அலுவலகத்தின் வேகம், ஆய்வுக்கூடத்தின் வேகம் அல்ல. வாங்கியவர்களில் பெரும் பகுதி வெளிநாட்டு நிறுவனங்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விண்ணப்பங்கள் பெருகியதற்கும் வேறு காரணங்கள் உண்டு. 2021-ல் கல்வி நிறுவனங்களுக்கான காப்புரிமைக் கட்டணம் 80 சதவீதம் குறைக்கப்பட்டது. நல்ல நோக்கம். இன்னொரு பக்கம், கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தும் மத்திய அரசின் என்ஐஆர்எஃப் பட்டியலில் ஆராய்ச்சிப் பிரிவின் 100 மதிப்பெண்ணில் 15 காப்புரிமைக்கு. அதில் பத்து, வழங்கப்பட்டவற்றுக்கு. ஐந்து, வெளியிடப்பட்டவற்றுக்கு. 'வெளியிடப்பட்டது' என்ற சொல்லைக் கவனியுங்கள். யார் விண்ணப்பித்தாலும் 18 மாதத்தில் அது அதிகாரபூர்வ இதழில் தானாக வெளியாகிவிடும். கண்டுபிடிப்பு தேறியதா என்று அதுவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கட்டணமும் குறைவு, மதிப்பெண்ணும் உண்டு என்றால் என்ன நடக்கும் என்பதற்குப் பெரிய பொருளாதார அறிவு தேவையில்லை. சில தனியார் பல்கலைக்கழகங்கள் விண்ணப்பிக்கும் எண்ணிக்கை ஐஐடிகளையே தாண்டுகிறது. வழங்கப்படும் எண்ணிக்கையில் அந்த வேகம் தெரிவதில்லை.

இது ஒரு சுற்றாக இயங்குகிறது. உலகப் புத்தாக்கக் குறியீடு பார்ப்பதும் உள்நாட்டினரின் காப்புரிமை விண்ணப்பங்களின் எண்ணிக்கையைத்தான். விண்ணப்பம் கூடினால் கல்லூரியின் இடம் உயரும், நாட்டின் மதிப்பெண்ணும் உயரும்.

சீனா இந்தப் பாதையில் நமக்கு முன்பே போய்வந்தது. விண்ணப்பத்துக்கு மானியம் கொடுத்து உலகிலேயே அதிக விண்ணப்பம் போடும் நாடானது. அவற்றில் பல பயனற்றவை என்று தெரிந்த பிறகு, மானியங்களை 2025-க்குள் முழுவதும் நிறுத்தப்போவதாக 2021-ல் அறிவித்தது. எண்ணிக்கையை இலக்காக வைத்தவர்களே அதைக் கைவிட்டார்கள்.

ஆய்வுக் கட்டுரைகளிலும் இதுதான். 2022-ல் இந்தியாவிலிருந்து வந்த கட்டுரைகள் சுமார் 2.07 லட்சம் என்கிறது அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் கணக்கு. சீனா (சுமார் 9 லட்சம்), அமெரிக்கா (சுமார் 4.6 லட்சம்) ஆகியவற்றுக்கு அடுத்து உலகில் மூன்றாம் இடம். 0.64 சதவீதச் செலவில் மூன்றாம் இடம் என்பது சாதாரணமல்ல. ஆனால் அந்தக் குவியலில் எது தேறும், எது தேறாது என்பதை எண்ணிக்கை சொல்லாது. பிஎச்டி பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022-ல் நீக்கியது. என்ஐஆர்எஃப் 2025-ல், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கத் தொடங்கியது. அளப்பவர்களுக்கே கவலை வந்துவிட்டது என்பதற்கு இதைவிட அடையாளம் வேண்டாம்.

கணக்கில் விழாதவை

மிகையாக எண்ணப்படுபவை இருப்பதுபோல, எண்ணப்படாமலே போகிறவையும் உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையோடு சேர்ந்த ஆரோலேப் 1992-ல் கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸைத் தயாரிக்கத் தொடங்கியது. வெளிநாட்டு லென்ஸ் நூறு டாலருக்கு விற்ற காலத்தில் சுமார் பத்து டாலருக்குக் கொடுத்தது. கண்புரை அறுவை சிகிச்சை ஏழைகளுக்கும் எட்டியது. லென்ஸ் என்ற பொருள் உலகுக்குப் புதிதல்ல. விலையும் தயாரிப்பு முறையும் கொண்டுபோய்ச் சேர்த்த விதமும்தான் புதிது. ஆராய்ச்சிச் செலவாகவோ காப்புரிமை எண்ணிக்கையாகவோ பார்த்தால் இது ஒரு சின்னப் புள்ளி. பார்வை திரும்பியவர்களின் எண்ணிக்கையாகப் பார்த்தால் பெரிய விஷயம்.

இதைப் பிடிப்பதற்காகவே 1992-ல் 'ஓஸ்லோ கையேடு' என்ற இன்னொரு வழிகாட்டியும் வந்தது. அது கேட்கும் கேள்வி வேறு. எவ்வளவு செலவு செய்தாய் என்பதல்ல, புதிதாக அல்லது கணிசமாக மேம்பட்டதாக எதையாவது செய்து பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தாயா என்பது. நிறுவனம் நிறுவனமாகப் போய்க் கேட்டுத்தான் பதில் வாங்க முடியும். இந்தியாவில் அறிவியல், தொழில்நுட்பத் துறையும் ஐநாவின் தொழில் வளர்ச்சி அமைப்பும் சேர்ந்து 2021-22ல் அப்படி ஒரு கணக்கெடுப்பு நடத்தின. 8,000-க்கும் மேற்பட்ட உற்பத்தி நிறுவனங்களில் நான்கில் ஒன்று மட்டுமே புதிதாக எதையோ செய்திருந்தது. கோவை, திருப்பூர், ஓசூர் சிறு தொழிலதிபர்களுக்கு 38-வது இடத்தைவிட இந்த நான்கில் ஒன்று என்ற கணக்குதான் பயன்படும். ஆனால் இது ஆண்டுதோறும் எடுக்கப்படுவதில்லை.

0.64 என்ற எண்ணிலும் ஓட்டை உண்டு. நிறுவனங்களுக்குப் படிவம் அனுப்பி, பதில் அனுப்பியவர்களை வைத்துக் கூட்டுகிறார்கள். பெங்களூரிலும் சென்னையிலும் ஹைதராபாத்திலும் பன்னாட்டு நிறுவனங்கள் நடத்தும் ஆராய்ச்சி மையங்கள் இதில் முழுமையாக வருவதில்லை, தனியார் செலவு குறைத்தே காட்டப்படுகிறது என்று பொருளாதார ஆய்வாளர்கள் சிலர் நீண்ட நாளாகச் சொல்கிறார்கள். இருக்கலாம். அப்படியே கொஞ்சம் கூட்டிக்கொண்டாலும் சீனாவின் 2.4 எட்டாத தூரம்தான்.

இரண்டு சதவீதம் என்ற பழைய வாக்கு

ஜிடிபியில் 2 சதவீதத்தை ஆராய்ச்சிக்கு ஒதுக்குவோம் என்று 2003-ன் அறிவியல் தொழில்நுட்பக் கொள்கை சொன்னது. 2007-க்குள் என்று கெடுவும் வைத்தது. 2013 கொள்கை அதே 2 சதவீதத்தை மீண்டும் சொன்னது. 2020 டிசம்பரில் வந்த புதிய கொள்கை வரைவு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை செலவையும் ஆராய்ச்சியாளர் எண்ணிக்கையையும் இரட்டிப்பாக்குவது பற்றிப் பேசியது. சதவீதம் மட்டும் நகரவில்லை.

இப்போது பணம் வருவதற்கான அறிகுறிகள் தெரிகின்றன. 2023-ல் சட்டமான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் திட்டம். ஆனால் அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. 2025 ஜூலை 1-ம் தேதி மத்திய அமைச்சரவை இன்னொரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. தனியார் ஆராய்ச்சிக்கு ஒரு லட்சம் கோடி ரூபாய் நிதி. பெரும்பாலும் மானியம் அல்ல. குறைந்த வட்டியில் அல்லது வட்டியில்லாமல் நீண்ட காலக் கடன், சில இடங்களில் பங்கு முதலீடு. ஆரம்ப நிலையைத் தாண்டி, ஆய்வுக்கூடத்தில் வேலை செய்து காட்டிய தொழில்நுட்பங்களுக்குத்தான் கிடைக்கும்.

இந்தத் திட்டம் பலிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அடுத்த தரவரிசை பட்டியலைப் பார்த்து அல்ல. அதில் ஓரிடம் ஏறவும் இறங்கவும் நூறு காரணங்கள் உண்டு. பார்க்க வேண்டியது அந்த 36.4. தனியார் பங்கு 50-ஐ நோக்கி நகர்கிறதா? அரசுக் கடன் வந்ததால் நிறுவனங்கள் கூடுதலாகச் செலவு செய்கின்றனவா, அல்லது எப்படியும் செய்திருக்கும் செலவையே அரசுப் பணத்தில் செய்கின்றனவா? அந்த 262 ஏறுகிறதா? ஏறினால் அவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள், அவர்களில் பெண்கள் எத்தனை பேர்? இப்போதைய கணக்கில் ஆராய்ச்சிப் பணியில் பெண்களின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் கீழே.

இதற்கெல்லாம் பதில் தரக்கூடிய கணக்கெடுப்பு மத்திய அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. தாமதம்தான் பிரச்சினை. 2020-21க்கான எண்கள் அடங்கிய அறிக்கை வெளியானது 2023-ல். அதே வேகத்தில் போனால், ஒரு லட்சம் கோடி ரூபாய் திட்டத்தின் முதல் முழு ஆண்டான 2026-27ல் தனியார் நிறுவனங்கள் உண்மையில் எவ்வளவு செலவிட்டன என்பது 2029 வாக்கில்தான் தெரியவரும். அதற்குள் தரவரிசைப் பட்டியல் நான்கு முறை வெளியாகியிருக்கும்.